ரயிலில் என் நாடியைப் பிடித்தவர்

கோலா கங்சாரில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்தவர், ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் வேலைக்கு முதல் வருஷம் படிப்பவர். ஒல்லியான உடம்பில் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. மடியில் உடலியல் புத்தகம். எதைப் படித்தாலும் அதைத் தன் உடம்பிலேயே தொட்டுப் பார்த்துக்கொள்வார். விலா எலும்பு, தொண்டை, தாடை எதையும் விடவில்லை.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூன்றாவதோடு விட்டவன். நெஞ்சு படபடக்கிறதே, செத்துவிடுவேனோ என்று பயந்து அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கையக் கொடுங்கண்ணே. இன்னைக்கு எனக்குப் பரீட்சை. டாக்டர் துரை நாடி பாக்கச் சொல்வாரு. பழகிக்கிறேன்."

என் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளுத்தது.

"என்னா தம்பி?"

"குதிரை மாதிரி ஓடுதுண்ணே."

"ஐயையோ! ஈப்போ வரைக்கும் தாங்குமா?"

அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டு, இந்த முறை மூன்று விரல்களால் என் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே. கட்டைவிரலுக்கே தனியா துடிப்பு இருக்காம். நான் பாத்தது என்னோட நாடி. உங்களுது நல்லாத்தான் இருக்கு."

"அப்போ சாகப்போறது நீங்களா தம்பி?"

"ஆமாண்ணே, பரீட்சையில."

ஆஸ்பத்திரி வரை கூடவே நடந்தேன். பரீட்சை அறை வாசலில் திரும்பிப் பார்த்தார். மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினேன். அவரும் காட்டிவிட்டு உள்ளே போனார்.

தேறினாரா என்று இன்றுவரை தெரியாது. அவருக்காகப் பயந்துகொண்டே ரயிலேறித் திரும்பியவன், தோட்டத்துக்கு வந்த பிறகுதான் என் நெஞ்சை டாக்டரிடம் காட்டவேயில்லை என்பதை உணர்ந்தேன்.