வேலியோரத்து யூக்கா

எங்கள் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. எழுபதுகளின் கடைசி அது. படப்பையில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்று கல்லறைத் தோட்டத்தின் கடைசியில், வேலியோரமாகப் புதைத்தார்கள். சிலுவை நடவில்லை. நானும் என் மைத்துனனும் மட்டும் போயிருந்தோம். என் மனைவி அப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அழவில்லை. சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் சூப்பர்வைசருக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்தபோது அவர் மனைவி என்னிடம் தொட்டியோடு ஒரு செடியைக் கொடுத்தார். தண்டின் உச்சியில் கத்தி கத்தியாக இலைகள். "யூக்கான்னு பேரு. வீட்டுக்குள்ளயே வைக்கலாம். தண்ணி மட்டும் கம்மியா ஊத்தச் சொல்லுங்க" என்றார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மனைவி அதைக் கூடத்து ஜன்னலருகே வைத்தாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாளே தவிர, காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது அவளுக்கு. அடி இலைகள் பழுத்தன. ஒரு நாள் தண்டைத் தொட்டுப் பார்த்தவள், "ஏங்க, மெத்துனு கீதுங்க" என்றாள். செடியைப் பிடுங்கினோம். வேரெல்லாம் கறுத்து அழுகி நாறியது.

நான் தூக்கிப் போடப் போனேன். அவள் விடவில்லை. கத்தியை எடுத்து அழுகாத இடம் வரைக்கும் தண்டை அறுத்தாள். மேல்துண்டை நிழலில் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்த பிறகு, மணலும் செங்கல் தூளும் கலந்து நட்டாள். இந்த முறை மண்ணுக்குள் விரலை விட்டு, அடிவரை காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். வெகு நாள் கழித்து நடுவில் ஒரு குருத்து வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். முகத்தில் ஏதோ கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கள் கூடத்தில்தான் விளையாடும். ஒரு நாள் ஓடி வந்து செடிமேல் விழுந்ததில் இலையின் முனை கன்னத்தில் குத்திவிட்டது. கண் தப்பியது. அலறல் கேட்டு அதன் தாய் ஓடி வந்தாள்.

"வூட்டுக்குள்ள முள்ளுச் செடிய வச்சிக்கினு கீறியே, இன்னா பொம்பள நீ? ஒரு புள்ளய வளத்திருந்தா தெரியும்."

கோபத்தில் வந்த வார்த்தை. சொன்ன மறுநிமிஷமே அவள் முகம் மாறிவிட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது. என் மனைவி கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒவ்வோர் இலையாக முனையை நறுக்கினாள். தொட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போய் வெட்டவெளியில் வைத்தாள்.

சித்திரை வெயில். அதுவரை ஜன்னல் வெளிச்சத்திலேயே இருந்த செடி. சில நாட்களில் இலைகள் வெளுத்துத் தீய்ந்தன. "இதையும் கொன்னுடுவேன் போலருக்கே" என்றாள். முருங்கை நிழலுக்கு நகர்த்தி வைத்தோம். முதலில் காலை வெயில் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே. மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் எடுத்தோம். பிழைத்தது. அடியில் ஒரு பக்கக்கன்றும் விட்டது.

அந்தக் கன்றைப் பிரித்தெடுத்த அன்றுதான் என்னிடம் கேட்டாள்: "பாப்பாவ வச்ச எடம் உங்களுக்குத் தெரியுமில்ல?"

கூட்டிக்கொண்டு போனேன். வேலியோரம் புல் மண்டிக் கிடந்தது. ஏறக்குறைய இந்த இடம் என்று காட்டினேன். அவளே குழி தோண்டி நட்டாள். "தெனம் வந்து தண்ணி ஊத்த முடியாது. இது தாங்கும்" என்றாள்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்குப் போனோம். எல்லாக் கல்லறைகளிலும் சாமந்தி, மெழுகுவர்த்தி. வேலியோரம் எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். அன்று எங்கள் செடியின் கீழே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி முழங்காலில் இருந்தாள்.

"யாரும்மா நீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

அந்தப் பெண் தயங்கி எழுந்தாள். "செடி நீ வச்சதாம்மா? என் புள்ளயும் இங்கதாம்மா எங்கியோ கீது. எந்த எடம்னு காட்ட ஆளில்ல. வருஷா வருஷம் வந்து சும்மா நின்னுட்டுப் போவேன். இன்னிக்கு இந்தச் செடியப் பாத்தேனா... அதான் இதுக்கு அடியிலயே ஏத்திட்டேன். கோச்சிக்காத."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுதாள். கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றேன். அந்தப் பெண்தான் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, "அழும்மா, அழுதுடு" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பெண் எங்களுக்காகக் காத்திருப்பாள். இருவரும் செடியருகே உட்கார்ந்து, இருந்திருந்தால் இப்போது எந்த வகுப்பு படிக்கும், யார் சாயலில் இருக்கும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று, காற்றில் அணையும் மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டிருப்பேன்.