லைப்ரரிக்குத் தாய்மாமன்

எங்கள் பேரூராட்சியின் பன்னிரண்டாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதாக அறிவிப்பு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. அந்த வார்டில் நிற்பதற்காகவே ஒரு வருடமாக ஊரில் எந்த இழவு வீட்டையும் விடாமல் மாலையோடு போய் வந்தவர். மறுநாள் காலையில் அம்மாவைக் கூப்பிட்டார்.

"முனீஸ்வரி, நீ நில்லு. பேரு மட்டும் ஒன்னோடது. வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அம்மா மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த வீட்ல இதுவரைக்கும் வேலைதான் என்னோடதா இருந்துச்சு. பேராவது கெடைக்கட்டும்."

ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். அதில் அப்பா படம் லாரி அளவு, அம்மா படம் அந்த லாரியின் நம்பர் பிளேட் அளவு. இரண்டே நாளில் அப்பா படத்துக்கு யாரோ கொம்பு வரைந்துவிட்டார்கள். யார் என்று இன்று வரை தெரியவில்லை. அடி மட்டும் எனக்கு விழுந்தது.

அம்மா ஜெயித்தாள். அப்பா செய்த பிரச்சாரத்தால் என்று அப்பா சொல்கிறார். வார்டில் பாதி வீடுகளில் காலை இட்லி எங்கள் வீட்டு மாவில் வேகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் கூட்டத்தன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டி முன்னாலேயே போய்க் கவுன்சிலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"எந்திரிங்க."

"சும்மா இரு புள்ள, எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். ஓட்டு வாங்குன எடத்துல நான் ஒக்காருறேன். வீட்ல மாவு வாங்க ஆள் வந்து நிக்கும், நீங்க அங்கிட்டுப் போய் ஒக்காருங்க."

அன்று தொடங்கி சாயங்காலம் மாவு விற்பது அப்பாதான். குட்டியானை ஓட்டி லோடு அடிக்கிற நேரம் போக மற்ற நேரம் தராசு அவர் கையில். நன்றாகவே விற்கிறார். கொசுறுதான் கொஞ்சம் கூடப் போகிறது.

அம்மா எழுமலைக்காரி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஏன் நின்றது என்று கேட்டால், "நின்னுச்சு" என்பாள். பத்தொன்பது வயதில் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். ஒரு கிரைண்டரில் தொடங்கிய மாவு வியாபாரம் இப்போது மூன்று கிரைண்டர். பிள்ளைகள் இரண்டு. மூத்தது ரோகிணி, டிகிரி முடித்துவிட்டு குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறாள். அடுத்தது நான். பதினொன்றாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடமும் நானும் பேசி வைத்துப் பிரிந்துவிட்டோம். இரண்டு தரப்புக்கும் வருத்தமில்லை.

ரோகிணிக்கு வீட்டில் படிக்க முடியாது. இருப்பது இரண்டு அறை. மூன்று கிரைண்டரும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்டால் புளி வரும். அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தாள். தரையே அதிர்ந்தால் பஞ்சு என்ன செய்யும்? அதனால் லைப்ரரிக்குப் போனாள். அவளைப் போலப் படிக்கிற பெண்கள் நாலைந்து பேர் அங்கே ஏற்கனவே இருந்தார்கள்.

லைப்ரரி என்பது பேரூராட்சி அலுவலக வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பழைய ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் புத்தக அலமாரிகளுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு மனிதர்கள் நனைவார்கள். அங்கே 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை உண்டு. அது ஒரு மாதக் கூட்டத்தன்று எப்படியோ நடந்து போய் மன்றக் கூடத்து வாசலில் தொங்கியது. அன்று கூட்டம் சீக்கிரம் முடிந்தது என்று கேள்வி. நூலகர் ஹம்சவேணி மேடம் பலகையைத் திரும்ப வாங்கி வந்து என் கையிலேயே கொடுத்து, "இருந்த எடத்துல மாட்டிடு தம்பி" என்றார்.  மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற மனுஷி. கோபப்பட அவருக்கு நேரமில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம்தான் கூட்டப் பொருளில் அது வந்தது. பழுதடைந்த நூலகக் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவது. நூலகத்தைத் 'தகுந்த வேறு இடத்துக்கு' மாற்றுவது. தகுந்த வேறு இடம் எது என்று அம்மா கேட்டாள். செயல் அலுவலர் பேப்பரைப் புரட்டினார். இடம் அதில் இல்லை.

தலைவர் மலையாண்டி அப்பாவுக்குச் சித்தப்பா முறை. கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஆத்தா, சாக்கடை அள்ளுறவனுக்குச் சம்பளம் குடுக்கணும், தெரு லைட்டுக்குக் கரண்டு பில்லு கட்டணும். கடை வந்தா மாசாமாசம் வாடகை வரும். லைப்ரரியில என்ன வரும்? ஓடுதான் ஒழுகும்."

"நம்ம வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான கட்டுறோம், மாமா? காசைக் குடுத்துட்டு சாமானைக் கடையிலேயே விட்டுட்டு வர்றவுகளை என்னன்னு சொல்றது?"

"அந்த வரி நம்மகிட்ட தங்குறதில்லையே. வசூல் பண்ணி மதுரைக்கு அனுப்பிடுறோம். கூரையை அவுக போடட்டும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா மக அங்கிட்டுதான படிக்குது. அதுக்குத்தான் இம்புட்டுச் சத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா திரும்பினாள். "ஆமா தம்பி, என் மகளுக்குத்தான் கேக்குறேன். ஒன் மகளையும் அனுப்பு, அவளுக்கும் சேத்துக் கேக்குறேன்."

சிரிப்பு நின்றது. ஆனாலும் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்ததைத் தவிர அம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் ஹம்சவேணி மேடத்தோடு பஸ் ஏறி மதுரைக்குப் போனாள். நூலகத் துறை அலுவலகத்தில் பொறுமையாகவே விளக்கியிருக்கிறார்கள். கட்டடம் பேரூராட்சியின் சொத்து. அடுத்தவர் சொத்தில் துறை பணம் போட விதி இல்லை. மன்றத்தில் தீர்மானம் போட்டுக் கட்டடத்தை நூலகத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் கூரையை அவர்களே போட்டுவிடுவார்கள்.

ஆக வேண்டியது ஒரே ஒரு தீர்மானம். அம்மா கவுன்சிலர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "தலைவர் சரின்னா நாங்களும் சரி."

வீட்டில் அப்பா வேறு. அவர் ரோகிணிக்கு ஏற்கனவே கெடு வைத்திருந்தார். வரப்போகும் பரீட்சை ஒன்றுதான். அதில் தேறாவிட்டால் திருமங்கலத்து மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிடுவார். லைப்ரரி போய்விட்டால் அந்த ஒன்றுக்கும் படிக்க இடமில்லை. ரோகிணி அழவெல்லாம் இல்லை. புத்தகங்களை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் அடுக்க ஆரம்பித்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். எழுமலையில் பேயாண்டி மாமா எடுத்தார். அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமன். மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"அண்ணே, எனக்குச் சீர் வேணும்."

"ரோகிணி சடங்குக்குத்தான் ஊரே பாக்கச் செஞ்சேனே! அடுத்து அவ கல்யாணத்துக்குத்தான்டி."

"அவளுக்கு இல்ல. லைப்ரரிக்கு."

அந்தப் பக்கம் மாமா ஒரு கோழியை விரட்டிவிட்டுக் கேட்டார்.

"லைப்ரரி எனக்கு என்ன முறை வேணும்?"

"நீ அதுக்குத் தாய்மாமன்."

"அப்ப அதுக்கு ஆத்தா யாரு?"

"நான்தான்."

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல? மருமகளா மருமகனா?"

"எதுவா இருந்தா என்ன? மேளத்தோட வா. கூட்டத்தன்னைக்கு வா. கூட்டம் ஆரம்பிச்ச பொறகு வா."

போனை வைத்தாள். "எதுக்கும்மா?" என்றேன். "ஒனக்கு வெடி போடத் தெரியும்ல?" என்றாள். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனுஷி தானாகக் கூப்பிட்டு என் கையில் நெருப்பைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. 

கூட்டத்தன்று எழுமலைச் சனம் இரண்டு வண்டியில் வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியது. அப்பாவின் குட்டியானை மூன்றாவது. அவர் வேண்டாவெறுப்பாகத்தான் ஓட்டி வந்தார். ஆனால் மச்சான் சீர் கொண்டுவரும்போது வண்டி இல்லை என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கும் வாய் வராது. முன்னால் மேளம். அதன் பின்னால் பெண்கள் தலையிலும் கையிலும் தட்டுகள்: வாழைப்பழம், தேங்காய், லட்டு, நாலு தட்டு நிறையப் பரீட்சைப் புத்தகங்கள், குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள். வண்டியில் இரும்பு பீரோ, மின்விசிறிகள், நாற்காலிகள். எல்லாவற்றுக்கும் பின்னால் கழுத்தில் மாலையோடு ஒரு கிடாய்.

"மாமா, லைப்ரரிக்குக் கிடா எதுக்கு?" என்றேன்.

"போடா இவனே. கிடா இல்லாம வந்தா நாளைக்கு எவனாவது தாய்மாமன் சீருன்னு ஒத்துக்குவானா?"

பேரூராட்சி வாசலில் நான் வெடிச் சரத்தைக் கொளுத்தினேன். குலவை கிளம்பியது. உள்ளே கூட்டம் நின்று எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். "எவன்டா ஆபீஸ் முன்னாடி..." என்று கத்திக்கொண்டே வந்த தலைவர், வரிசையையும் தட்டுகளையும் பார்த்து நின்றுவிட்டார். பேயாண்டி மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாமா, சீர் கொண்டாந்திருக்கோம். வாங்கிக்கணும்."

இந்த வயதுக்குள் தலைவர் எத்தனை விசேஷ வீடுகளில் முன்னால் நின்று சீர் வாங்கியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ரோகிணி சடங்குக்கும் எங்கள் வீட்டுப் பெரியவராக நின்று வாங்கியவர் அவர்தான். அவர் யோசிக்கவே இல்லை. கையே யோசித்தது. தோள் துண்டை இடுப்பில் கட்டி, முதல் தட்டை இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். வாங்கியதோடு நிற்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, "ஏப்பா, சந்தனம் எங்க? வந்தவுகளை வெயில்ல நிறுத்திட்டு என்னத்தடா பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று சத்தம் போட்டார். அலுவலக உதவியாளர் சந்தனத்துக்கு ஓடினார். கிடாயைப் பிறப்பு இறப்புச் சான்றிதழ் ஜன்னலில் கட்டினார்கள்.

எல்லோருக்கும் சந்தனம் கொடுத்து முடித்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "ஆமா மாப்ள, யாரு வீட்டு விசேஷம்?"

"இந்தா, இந்த வீடுதான் மாமா." பேயாண்டி மாமா லைப்ரரியைக் காட்டினார்.

அம்மா படியிறங்கி வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "சீரை வாங்கிட்டீக மாமா. எங்க எறக்கி வைக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும். சீர் எறங்குன வீட்டை இடிக்கிற வழக்கம் நம்ம பக்கம் உண்டா?"

மேளக்காரரும் நிறுத்திவிட்டார். தலைவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நான் நிஜமாகவே பயந்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் அடுக்கிய புத்தகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. செயல் அலுவலர் பக்கத்தில் வந்து, "சார், அஜெண்டாபடி பார்த்தா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார். சீர் வாங்கியாச்சு." பிறகு அம்மாவிடம் சொன்னார்: "ஏம்மா, ஒன்னைய எட்டாப்போட நிறுத்துனவுக மகராசனா இருக்கணும். அதுக்கு மேல படிச்சிருந்தா எங்க கதி என்னாகிறது?"

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.  பீரோ லைப்ரரிக்குள் இறங்கியது. கடைத் தீர்மானத்தைத் தலைவரே திரும்ப எடுத்துக்கொண்டார். கட்டடத்தை நூலகத்தின் பெயருக்கு மாற்றும் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு கவுன்சிலர்கள் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். கிடாக் கறிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

சொன்னபடி நூலகத் துறை கூரை போட்டுக் கொடுத்தது. இதை இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் போடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ரோகிணி அந்தப் பரீட்சையில் தேறவில்லை. கட் ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். அப்பா திருமங்கலத்துப் பேச்சை எடுத்தார். "கூரை இப்பத்தான் போட்டிருக்கு. அதுக்குக் கீழ ஒருக்கா ஒக்காந்து எழுதட்டும்" என்றாள் அம்மா. அப்பா தராசைத் துடைக்க ஆரம்பித்தார். இப்போது ரோகிணி கதவு திறக்கும்போது போய், பூட்டும்போது வருகிறாள்.

சீர் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். இந்தத் தை மாதம் பேயாண்டி மாமாவின் சின்ன மகனுக்குக் காதணி விழா. எழுமலைக்கு லைப்ரரியே கிளம்பிப் போனது. படிக்கிற பெண்கள் கையில் தட்டு, ஹம்சவேணி மேடம் பட்டுப் புடவையில், எல்லோருக்கும் முன்னால் தலைவர். மண்டப வாசலில் மைக் பிடித்திருந்தவர், "யாரு வகைன்னு சொல்லுங்கய்யா" என்றார்.

"லைப்ரரி வகைன்னு சொல்லுப்பா" என்றார் தலைவர்.

மைக் பிடித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "லைப்ரரி வகையில் பித்தளை அண்டா ஒன்று!" மண்டபமே திரும்பிப் பார்த்தது. பேயாண்டி மாமா, "என் மருமக வந்திருக்கா, வழிய விடுங்கப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து ரோகிணிக்கும் வந்தது. எனக்கு வந்ததற்குக் காரணம் வெடிப் புகை.

இதற்கெல்லாம் அம்மாவிடம் நேரில் நன்றி சொல்லிவிடலாம் என்று பார்த்தால், நான் வாயைத் திறந்ததும் "எதைடா ஒடச்ச?" என்பாள். அதனால்தான் எழுதி வைத்தேன்.