டிக்டிக் என்று அவசரமாய்

ஆம்பூர் பைபாஸில் வண்டியை ஓரங்கட்ட இடது இண்டிகேட்டரைப் போட்டேன். டிக்டிக்டிக்கென்று அவசரமாக அடித்தது. ஒரு பல்பு போனால் மிச்சமிருப்பது இப்படித்தான் வேகமாகத் துடித்துக் காட்டிக்கொடுக்கும். இதை ஏழாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டேன்.

அன்று அப்பாவின் தோஸ்த்தான மெக்கானிக் ஹனீப் பாய், வேலை முடித்த எங்கள் வேனை, தோல் வாடை வீசும் எங்கள் தெருவில் விட்டுப்போனார். பள்ளிக் கண்காட்சிக்கு ஷூ டப்பாவில் கலங்கரை விளக்கம் செய்துகொண்டிருந்த நான், வேனின் பின்பக்க இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிக்கொண்டேன். மறுநாள் காலையில் இதே சத்தம். அப்பா விளக்கின் மூடியைத் திறந்தார். உள்ளே பல்பே இல்லை.

"தோஸ்த்துன்னு நம்பினா பல்பையே உருவிட்டியா?"

"பார்த்துதான்பா விட்டேன். ரெண்டும் எரிஞ்சுது," என்றார் பாய்.

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் கலங்கரை விளக்கத்துக்கு முதல் பரிசு.

இப்போது பக்கத்து சீட்டில் அப்பா சிரித்தார். "இதையும் எவனோ ஹனீப் உருவிட்டான் போல."

"அன்னிக்கு எடுத்தது நான்தாம்பா."

அப்பா சிரிப்பை நிறுத்தி, அடித்துக்கொண்டிருந்த இண்டிகேட்டரைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது," என்றார் கடைசியில். "அவன்கிட்ட சொல்லு. வண்டிய திருப்பு."

வலது இண்டிகேட்டரைப் போட்டேன். அது நிதானமாக அடித்தது. ஹனீப் பாய் கடை இரண்டு கிலோமீட்டர்தான். இத்தனை வருஷமும் இரண்டு கிலோமீட்டர்தான்.