நாற்பது வருட விஸ்கியின் மணம்

அலுவிகாரைப் பக்கம் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், ஆண்கள் கூடும் பின்வளவில் மகேஸ்வரனுக்கு ஒரு கதிரை ஒதுக்கிவைப்பார்கள். தோட்டத் துரைமாரின் கிளப்பில் முப்பத்தொரு வருடம் பரிமாறியவர். கிளாஸை முகர்ந்தே விஸ்கியின் பெயரைச் சொல்லிவிடுவார். எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தக் கதைக்குத்தான் வந்து சேர்வார்.

எண்பத்தெட்டாம் வருடம். வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்ட ஒரு துரை, நாற்பது வருடம் பீப்பாயில் கிடந்த ஸ்கொட்ச் ஒன்றைத் திறந்தார். எல்லாரும் குடித்தபின் மிச்சத்தை மகேஸ்வரன் பக்கம் தள்ளி, "மகேஸ்வரன், இது உனக்கு" என்றார். வேலையாட்கள் கிளப்புக்குள் குடிக்கக்கூடாது. சட்டைப்பையில் கிடந்த சின்னப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்து வீட்டுக் கிணற்றடியில் நின்று குடித்தார்.

"வாயெல்லாம் கராம்பு! நாப்பது வருஷ மால்ட்டுன்னா கராம்பு மணக்கணும். இல்லாட்டி அது கள்ளச் சரக்கு."

துரைமார் போனார்கள், கிளப்பும் மூடப்பட்டது. தகரக்கூரையில் விழும் மழையும், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும், ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தந்த அந்த மிச்சமும் அந்த மணத்தோடு அவரிடம் தங்கிவிட்டன. இன்னொரு முறை அது கிடைக்குமா என்று முப்பத்தேழு வருடமாக ஏங்கினார்.

மகள் வித்தியாவின் கணவன் சுஜிதன் பயணக் கப்பலில் பார்மேன். இந்த முறை லீவில் வந்தபோது, பயணி ஒருவர் விட்டுப்போன நாற்பது வருட மால்ட்டில் இரண்டு மடக்கை மாமாவுக்கென்றே கொண்டுவந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல். மகேஸ்வரன் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து உட்கார்ந்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார். பழைய மரம், மெழுகு, காய்ந்த தோடம்பழத்தோல். கராம்பு இல்லை.

"மாப்ள, ஒங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க."

"மாமா, நானே என் கையால தொறந்த போத்தல்."

"அப்ப போத்தலே பொய்."

சுஜிதனின் முகம் சுருங்கியது. "ஆறு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்து கொண்டாந்தேன், மாமா" என்று எழுந்தான்.

"அப்பா!" என்று வித்தியா கத்தினாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி சுசீலாதேவி சுளகைக் கீழே வைத்தாள். "ஏங்க, அன்னைக்கு எதுல ஊத்திக்கிட்டு வந்தீங்க?"

"சின்னப் போத்தல்ல."

"என் பல்வலி எண்ணெப் போத்தல்ல! கராம்பு எண்ணெ வாங்கிட்டு வாங்கன்னு காலையில குடுத்தேன். சாராய நாத்தத்தோட வெறும் போத்தலக் கொண்டாந்து நீட்டினீங்க. விடியவிடிய கன்னத்தப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு மறக்குமா?"

வித்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத்தன கல்யாண வீட்டுல நான் பெருமையடிச்சது ஒன் பல்வலி மருந்தையா?"

"வேற என்ன?"

மகேஸ்வரன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சுஜிதன் பக்கம் இழுத்துப்போட்டார்.

"உக்காருங்க மாப்ள. தப்பு என்னுது."

சுஜிதன் உட்கார்ந்தான். மிச்சமிருந்த மடக்கை மகேஸ்வரன் அவசரமில்லாமல், நின்றபடியே நாக்கில் உருட்டினார்.

"எப்படி மாமா இருக்கு?"

"அதுக்குள்ள கேட்டா எப்படி? இப்பத்தானே மொத தடவ குடிக்கிறேன்."