விருத்தாம்பாள் வீட்டுச் சுவர்

சிதம்பரத்தில் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மூலை மனையில் வீடு கட்டியது தான் செய்த பாவம் என்று விருத்தாம்பாள் சொல்லாத நாளில்லை. ஆம்பளைகள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே அவள் வீட்டுக் காம்பவுண்டு சுவரில்தான் வந்து நிற்பார்கள். இருபத்திரண்டு வருடமாக லேபில் ஊரார் மூத்திரத்தைப் பரிசோதிக்கிறவள் அவள். அது சம்பளத்துக்கு, மூடி போட்ட டப்பாவில் பேர் எழுதி வரும். இது எவனுடையது என்றே தெரியாமல் வாசலில் ஓடுகிறது. சீ!

சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டிப் பார்த்தாள். பிள்ளையார், ஏசு, மசூதி மூன்றையும் வரிசையாகப் பதித்தாள். வந்தவர்கள் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று வேலையை முடித்தார்கள். பக்திக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

மகள் இளவரசியைப் பெண் பார்க்க மங்கலம்பேட்டையிலிருந்து வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காபியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அன்றைக்கு விருத்தாம்பாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பெண்ணுக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. அடுத்த ஞாயிறு கடலூரிலிருந்து இன்னொரு வரன் வருகிறது. இதுவும் நாற்றத்தில் போய்விடக் கூடாது.

புதன்கிழமையே கணவர் தங்கராசுவை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் ராபர்ட் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று படம் மட்டும் பிடிக்கும். இன்னொன்றில் இருட்டிய பிறகு ஆள் வந்தால் பளீரென்று எரியும் ஃபிளட்லைட் உண்டு. மூன்றாவதில் லைட்டோடு ஸ்பீக்கரும் உண்டு. ஆள் வந்ததும் செல்போனில் மணி அடிக்கும். அதில் பார்த்தபடியே அதட்டலாம். அந்தக் கண்றாவியைப் படம் பிடித்து வைத்து யாருக்குக் காட்டுவது என்று முதலாவதை ஒதுக்கினாள். பேட்டரி வேண்டாம், ஏணி போட்டு ஏறி சார்ஜ் போட ஆளில்லை, கரண்டில் ஓட வேண்டும், புயல் மழைக்குத் தாங்க வேண்டும் என்றாள். லைட் வைத்தது போதும் என்பது தங்கராசுவின் கட்சி.

"ஸ்பீக்கர்லாம் எதுக்குடி? உனக்கு இருக்குற வாய் பத்தாதா?"

அவள் மூன்றாவதைத்தான் வாங்கினாள்.

மாட்டிய அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு பெரிய மனுஷர் வந்தார். லைட் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தவர், வெளிச்சம் வசதியாகத்தான் இருக்கிறது என்பதுபோல் தலையாட்டிவிட்டு ஜிப்பில் கை வைத்தார். விருத்தாம்பாள் போனில் ஒரே ஓர் அதட்டல்தான் போட்டாள். செருப்பில் ஒன்றை விட்டுவிட்டே மனுஷர் ஓடினார். சனிக்கிழமைக்குள் சுவர் காய்ந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை ஸ்ரீதரும் அவன் அம்மாவும் காரில் வந்தார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பையன் அடக்கமாகப் பேசினான். கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் அம்மா தேதி பார்க்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இருட்டுகிற நேரத்தில், போன் வருகிறது என்று அவன் வெளியே போனான்.

அடுப்படியில் விருத்தாம்பாளின் செல்போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தாள். ஃபிளட்லைட் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை. பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

சீ! ஆனாலும், வாயை மூடிக்கொண்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான். சுவரை நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம். போனைக் கவிழ்த்து வைக்கப் போனவள் திரும்பினாள். காபித் தட்டோடு பின்னால் நின்ற இளவரசி எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள். அவள் முகம் கோணிக் கிடந்தது.

விருத்தாம்பாள் மைக்கை அழுத்தினாள்.

"தம்பி, முடிச்சிட்டு அப்பிடியே கார்ல போயி உக்காருங்க. உள்ள வர வேணாம். அம்மாவ அனுப்பி வைக்கிறேன்."

சுவரிலிருந்து வந்த சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கணீரென்று கேட்டது. இளவரசி தட்டை மேடையில் வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்குக் கலந்த காபியை எடுத்துக் குடித்தாள்.