குறுக்குக் காற்று

அந்தத் தீவில் ஓடுபாதை ஒன்றுதான். ஒரு முனையில் குன்று, மறு முனையில் கடல். சோளகம் வீசும் மாதங்களில் காற்று அதற்குக் குறுக்கே அடிக்கும். சுற்றிலும் கடல் என்பதால், இறங்க முடியாத விமானம் வந்த வழியே திரும்பவும் எரிபொருள் வைத்திருக்க வேண்டும். இரண்டு தரம் முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் இல்லை. இதையெல்லாம் உலகின் மறுபக்கத்தில், வோபர்னில் எங்கள் குசினி மேசையில் இருந்தபடி தொலைபேசியில் தேடிப் படித்துக்கொண்டேன்.

அண்ணன் ஊரைவிட்டுத் தப்பிப் படகில் வந்து கடலில் பிடிபட்டவன். அகதி வழக்கு முடியும்வரை அந்தத் தீவு முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே அவனுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. அங்கிருந்த மருத்துவரால் ஊசி போட முடியும், வெட்ட முடியாது.

முந்தின நாள் காற்று விழுந்து கிடந்தது. சாமான் கொண்டுவந்த விமானத்தில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். அவன் ஏறவில்லை.

"ஏறாதை. ஆஸ்பத்திரி எண்டுதான் ஏத்துவாங்கள், கொழும்பிலை கொண்டுபோய் இறக்குவாங்கள்" என்று அப்பா தொலைபேசியில் சொல்லியிருந்தார். அப்படிப் போனவர்களை எங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு நோ கூடிக் காய்ச்சலும் பிடித்தது. மறுநாள் நோயாளிகளை ஏற்றும் சிறு விமானம் ஒன்றை அனுப்பினார்கள். எங்களுக்கு அது காலை. அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஓடுபாதை விளக்குகள் பழுது. இருட்டினால் இறங்க முடியாது.

பிறம்ரன் வேர்ஹவுஸில் இரவு வேலை முடித்து வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே மேசைக்கு வந்தார்.

"நீ படிச்சனியெல்லே. அந்தப் பைலற்றோடை ஒருக்காக் கதைக்க ஏலாதோ?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான்.

"அது பஸ் இல்லையப்பா."

"பஸ் எண்டால் நானே கதைச்சிருப்பன்."

அம்மா அடுப்படியில் நின்றபடி, "இப்ப காத்து எப்பிடி?" என்றா.

"சோளகம்தானம்மா. கொஞ்சம் கூடியிருக்கு."

கொஞ்சம் அல்ல. தொலைபேசியில் அந்தத் தீவின் வானிலை அறிக்கையைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். ஒவ்வொரு தரமும் காற்று ஏறியிருந்தது.

அண்ணனோடு முகாமில் இருந்தவர் ஓடுபாதை வேலியருகில் நின்று வீடியோவில் அழைத்தார். பக்கத்தில் அம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது. அண்ணன் உள்ளே படுத்திருந்தான்.

"தம்பி, ஓடுபாதையிலை நண்டு கலைக்கிற ஜீப் போகுது பாருங்கோ. இஞ்சை முதல் மரியாதை நண்டுக்குத்தான், பிறகுதான் எங்களுக்கு."

"சிரிக்க வையாதை அண்ணை, நோகுது" என்று உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது.

விமானம் தெரிந்தது. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓடுபாதையை நோக்கிச் சரிவாக வந்தது. தரைக்குக் கிட்ட வந்ததும் ஒரு செட்டை தாழ்ந்தது. இயந்திரம் அலறியது. மேலே போய்விட்டது. இரண்டாம் தரம் சில்லு தரையில் ஒருமுறை பட்டதை நான் கண்டேன். காற்று தூக்கி எறிந்தது. பிறகு அது கடற்பக்கமாகச் சின்னதாகிக்கொண்டே போனது.

"சுத்தி வருது, என்ன?" என்றா அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லையம்மா. திரும்பிப் போகுது."

"காத்து விழுந்தால் விடிய வருவினமாம்" என்றார் அங்கே நின்றவர். தொலைபேசியை உள்ளே அண்ணனிடம் நீட்டினார்.

அப்பா தொலைபேசியைப் பறித்துக் காதில் வைத்துக்கொண்டார். அண்ணனுக்குத் திரையில் அவருடைய காது மட்டும் தெரிந்திருக்கும்.

"விடிய வந்தால் ஏறு."

"எங்கை கொண்டுபோவினம் எண்டு தெரியாதேயப்பா."

"எங்கை எண்டாலும் ஏறு."

"கொழும்பு எண்டாலோ?"

"ஏறு எண்டெல்லே சொல்லுறன்!" என்று அப்பா கத்தினார்.

"சரியப்பா" என்றான் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னான்.

"அங்கை விடிய எவ்வளவு நேரம் கிடக்கு?" என்று அம்மா என்னைக் கேட்டா.

ஜன்னலில் வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

"இஞ்சை பொழுதுபடவேணும் அம்மா" என்றேன்.