முந்தைய பெயர், இருந்தால்

இராணுவத்தில் பதினேழு வருடம் எழுத்தர் வேலை பார்த்து, முப்பத்தைந்து வயதிலேயே ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று என்னைக் கேட்காமல் எங்கள் தெருவில் யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. இந்தப் பைத்தியம் எனக்குப் பன்னிரண்டு வயதில், அமீரகத்துப் புஜைராவில், ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பிடித்தது.

அப்பா அங்கே ஒரு படகுப் பட்டறையில் மெக்கானிக். அவருடைய விசா முடிய மூன்று நாள் இருந்தது. அதைப் புதுப்பித்தால்தான் அம்மாவுக்கும் எனக்கும் விசா. இல்லையென்றால் மூவரும் தூத்துக்குடிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். விதிப்படி கூடுதல் அவகாசம் உண்டு. விதியை நம்பி எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. எல்லாம் பட்டறை முதலாளியான அர்பாபின் ஒரு கையெழுத்தில் நின்றது. அவரோ, முதலில் மீன்குழம்பு, பிறகு பேனா என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த வாரம்தான் வகுப்பில் போர்ச்சுகீசியர் பாடம் முடிந்திருந்தது. மிளகாய், தக்காளி, முந்திரி எல்லாம் பெருங்கடலுக்கு அப்பால் இருந்த வேறொரு கண்டத்துப் பொருள்கள், அவர்கள் கப்பல் வராவிட்டால் நம் அடுப்படிக்கு வந்திருக்காது என்றார் மிஸ். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் சொன்னேன். அம்மா என்னைவிட அதிர்ந்தாள்.

"அப்போ அதுவரைக்கும் குழம்புக்கு எதப் போட்டாங்களாம்?"

வெள்ளைக்காரர்கள் கொண்டுபோன அம்மை நோயில் அந்தக் கண்டத்து மக்கள் ஊர் ஊராகச் செத்தார்கள் என்றும் மிஸ் சொல்லியிருந்தார். தேர்வுக்கு வரும் என்று அதை அடிக்கோடிட்டுக்கொண்டேன். அதிர்ச்சி முழுவதும் மிளகாய்க்கே செலவாகிவிட்டது.

எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. ஊரில் கல்யாண வீடுகளில் அப்பா கையை நீட்டி நரம்பைக் காட்டி, "ஓடுறது போர்ச்சுகீஸ் ரத்தம்ல" என்பார். அதற்கான அத்தாட்சி எங்கள் யார் முகத்திலும் இல்லை. ஆனாலும் நான் நம்பினேன். அப்பா சொன்னால் அது சான்றொப்பம் பெற்ற நகல்.

அர்பாப் வந்து தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். சீலா மீன் குழம்பில் இரண்டு கவளம் உள்ளே போனதும் நெற்றி வேர்த்தது. "மிர்ச்சி, மிர்ச்சி" என்று சிரித்தபடியே அடுத்த கவளத்தை உருட்டினார். நல்ல சமயம் என்று எனக்குப் பட்டது. பள்ளிக்கூட இந்தியில் சொன்னேன்: இந்த மிளகாயைக் கொண்டுவந்தது போர்ச்சுகீசியர், நாங்களும் போர்ச்சுகீசியர்தான். ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்பதால், கையெழுத்துக்காக எடுத்து வைத்திருந்த விசாக் கோப்பிலிருந்து என் பாஸ்போர்ட்டை உருவி, குடும்பப் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

அர்பாபின் கை தட்டில் நின்றுவிட்டது.

"ஏலே, வாய மூடு" என்றார் அப்பா. தாமதமாகிவிட்டது.

அர்பாபின் சொந்த ஊர் கொஞ்சம் வடக்கே, அதே கரையில் இருக்கும் கோர்ஃபக்கான். ஐந்நூறு வருடத்துக்கு முன் போர்ச்சுகீசியக் கப்பல்கள் அங்கே வந்து ஊரையும் படகுகளையும் கொளுத்தியதைப் போன வாரம் நடந்ததுபோலச் சொன்னார். குரல் உயரவில்லை. "எங்க ஊரை எரிச்சவன் வீட்டிலயா நான் உட்கார்ந்து சாப்பிடறேன்?" என்று இந்தியில் கேட்டார். அம்மா கையில் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மாஃபி, அர்பாப். போர்ச்சுகீஸ் மாஃபி" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த அரபியில், இல்லவே இல்லை. எத்தனையோ கல்யாணங்களில் ஓடிய ரத்தம் ஒரு நொடியில் வற்றிப்போனது. அப்பா என் கண் முன்னால் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு அப்பா தட்டுத் தடுமாறி விளக்கினார். எங்கள் ஆட்கள் முத்துக் குளித்தவர்கள். எதிரிகளின் தொல்லை தாங்காமல் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள்; கரையோரம் முழுக்க ஞானஸ்நானம் நடந்தது; ஞானத்தகப்பனாக நின்றவன் தன் பெயரைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான். அவ்வளவுதான்.

"அதுக்கு முன்னாடி உங்க பேர் என்ன?"

அப்பா மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாது, அர்பாப்."

"உங்க அப்பாவுக்கு?"

"அவருக்கும் தெரியாது."

அர்பாப் நெஞ்சில் விரலை வைத்துத் தன் பெயரைச் சொன்னார். பிறகு தன் தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர். அப்படியே ஒன்பது பத்துப் பெயர்கள், ஜெபமாலை உருட்டுவதுபோல நிறுத்தாமல். முடித்துவிட்டு, இனி உன் முறை என்பதுபோல அப்பாவைப் பார்த்துக் காத்திருந்தார். அப்பா குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். அர்பாபின் முகத்திலிருந்து கோபம் போய்விட்டது. விபத்தில் கைகால் போனவனைத் தெரியாமல் நடக்கச் சொல்லிவிட்டவர்போல விழித்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். கை கழுவினார், பேனா கேட்டார், கையெழுத்துப் போட்டார். வாசலில் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அர்பாபுக்குக் காரம் ஜாஸ்தியாகிவிட்டது, அதனால்தான் அப்படி விழித்தார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பாஸ்போர்ட்டைத் திரும்ப வைக்கக் கோப்பைத் திறந்தபோது, அதைப் புதுப்பிப்பதற்கான என் விண்ணப்பமும் உள்ளே இருந்தது. வரிவரியாகச் சரிபார்த்தேன். 'பெயர் மாற்றப்பட்டிருந்தால், முந்தைய பெயர்' என்ற கட்டத்தில் அப்பா அழகான பெரிய எழுத்தில் 'இல்லை' என்று நிரப்பியிருந்தார். ஒரு கட்டமும் காலியாக இல்லை. எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.